டீசலுக்குப் பெயர் எழுத முடியாது

09.03.2025, ஞாயிறு

இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் நாள். அடுப்பில் இருக்கிற மணிக்கூட்டை யாரும் தள்ளவில்லை. அதை நம்பிப் பூசைக்குப் பிந்திப் போனோம். பிரசங்கம் முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் யோசப்புக்கு அதில் கவலை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

பின்னேரம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். கரையந்தீவு தீயணைப்புச் சங்கம், கனடா. பெயரைக் கேட்டால் நாங்களே ஏணியில் ஏறி நெருப்பு அணைக்கிறவர்கள் போல இருக்கும். அலுவலகத்தில் ஒருத்தி அப்படித்தான் நினைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். விசயம் இதுதான்: எங்கள் தீவில் நெருப்புப் பிடித்தால் யாழ்ப்பாண நகரத்திலிருந்து வண்டி வந்து சேர ஐம்பது நிமிடம். அதற்குள் சாம்பலே ஆறிவிடும். ஆகவே ரொறன்ரோவில் இருக்கிற தீவுக்காரர் சேர்ந்து 2016இல் சங்கம் தொடங்கி, வண்டி வாங்கி, கொட்டகை போட்டு, நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்தோம். அரசாங்கத்தின் ஒரு சதமும் அதில் இல்லை.

நான் தேநீர் ஊற்றப் போன நேரத்தில் என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். கோப்பையோடு திரும்பி வர எல்லாரும் கை தட்டுகிறார்கள். தேநீருக்காக்கும் என்று தலையாட்டினேன். அதைச் சம்மதமாகக் குறித்துக்கொண்டான் செயலாளர் யூட்சன்.

12.03.2025, புதன்

பழைய பொருளாளர் மகேஸ்வரன் அண்ணை இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஒன்பது வருடப் பற்றுச்சீட்டுகள். ஒரு தாளும் காணாமல் போகவில்லை, கோணலாகக்கூட இல்லை. நல்ல மனிசன்.

“கணக்கெல்லாம் சரி, தங்கச்சி. காசுதான் இல்லை” என்றார்.

இரண்டு தோசை சாப்பிட்டார். போகும்போது படிக்கட்டில் விசிலடித்துக்கொண்டு இறங்கினார். அவர் விசிலடித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

15.03.2025, சனி

காலையிலிருந்து பெட்டிகளோடு இருக்கிறேன். சாப்பாட்டு மேசை போய்விட்டது. யோசப் சோபாவில் இருந்து மடியில் வைத்துச் சாப்பிடுகிறார்.

நான் கண்டுபிடித்தது: வருடாவருடம் காசு சேர்ந்துதான் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் இரண்டு இலட்சத்துப் பதினாறாயிரம் டொலர்! 2017இல் வண்டி. 2018இல் வண்டி நிற்கக் கொட்டகை. பிறகு தண்ணீர்த் தாங்கி, இன்னொரு தண்ணீர்த் தாங்கி, குழாய்கள், ஏணிகள். எல்லாம் யாராவது ஒருவரின் பெயரில். ஏனென்றால் எங்கள் ஆட்கள் ஒரு பொருளுக்குத்தான் காசு கொடுப்பார்கள். பொருளில் பெயர் எழுதலாம், படம் எடுத்து அனுப்பலாம். 2021இல் யாரோ ஒரு புத்திசாலி, அறுபது டொலருக்கு ஒரு தலைக்கவசம் என்று அறிவித்திருக்கிறார். பிறந்தநாள் பரிசுக்கு வசதியான விலை. இருபத்திரண்டு பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

சம்பளமும் டீசலும்? அது வருடாந்த இராப்போசனத்தில் மிஞ்சுகிற காசில். 2019இல் பதின்மூவாயிரம் மிஞ்சியது. 2022இல் ஒன்பதாயிரம். ஹோல் வாடகை ஏற ஏற, சாப்பாட்டுத் தட்டு விலை ஏற ஏற, போன வருடம் நாலாயிரத்து முந்நூறு. தீவுக்கு மாதச் செலவு ஆயிரத்து இருநூறு. கணக்கு முடிய நான் கல்குலேற்றரை அழுத்தவில்லை. விரலே போதும்.

16.03.2025, ஞாயிறு

யோசப் கேட்கிறார்: “கவசம் இருபத்திரண்டு சரி. தலை எத்தினை?”

நாலு.

18.03.2025, செவ்வாய்

வங்கிக்குப் போனேன். சங்கத்துக்கு இரண்டு கணக்கு. ‘புதிய வண்டி நிதி’யில் ஐம்பத்தெண்ணாயிரம் டொலர் கொழுத்துப்போய்க் கிடக்கிறது. அதை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று தீர்மானம். பொதுக் கணக்கில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது. தை, மாசி இரண்டு மாதச் சம்பளமும் தீவுக்குப் போகவில்லை.

இருபத்தொரு வருடமாக நான் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறேன். முந்நூறு பேருக்கு வெள்ளிக்கு வெள்ளி போடுகிறேன். பனிப்புயல் அடித்த கிழமையிலும் ஒருவருக்கும் ஒருநாள் பிந்தியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் பெருமை அடிக்கிறவள். இப்போது நான் பொருளாளராக இருக்கிற சங்கம் நாலு பேருக்குச் சம்பளம் பாக்கி.

இரண்டு மாதச் சம்பளம் ஆயிரத்து எழுநூறை அனுப்பிவிட்டேன். மிச்சம் நானூற்று நாற்பது.

29.03.2025, சனி

தீவுக்கு வீடியோ அழைப்பு. அங்கே பொறுப்பாக இருக்கிறவர் றெமிஜியஸ். முந்தி மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தியவர். போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்து காட்டினார். இடது கதவில் கஸ்பர் குடும்பம், பிக்கரிங். ஏணியில் ஒரு வெள்ளி விழாத் தம்பதி. மணியில் சீமோனும் சகோதரர்களும். பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு பிள்ளை கோவிலில் முதல் நன்மை எடுத்த நினைவு. எல்லாவற்றையும் வாசித்து முடித்த பிறகுதான் வண்டி சிவப்பு நிறம் என்று கண்டேன்.

“டீசல் ராங்கிலையும் ஒரு பேர் இருக்கு அக்கா” என்றார் றெமிஜியஸ். “ராங்கிக்குத்தான் குடுத்தவை. உள்ளுக்கு ஊத்திறதுக்கு ஒருத்தரும் குடுக்கேல்லை.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு பற்றரி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். முப்பதாயிரம் ரூபாய், எங்கள் காசில் நூற்று நாற்பது. பங்குனிச் சம்பளமும் வருகிறதே, அடுத்த மாதம் பார்ப்போம் தம்பி என்றேன்.

26.04.2025, சனி

நிர்வாகக் கூட்டம், பிக்கரிங்கில் தலைவர் கஸ்பர் அண்ணை வீட்டில். வீடு பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ஒரு சத்தமும் இல்லை. அவர் மனைவி திரேசா அக்கா போன ஒக்ரோபரில் தவறியவர். அவருடைய செருப்பு இன்னும் வாசலில்.

விடயம்: புதிய வண்டி. விலை எண்பத்தையாயிரம். கஸ்பர் அண்ணை ஏற்கெனவே நாற்பதாயிரம் போட்டிருக்கிறார், திரேசா அக்கா நினைவாக. மற்றவர்கள் பதினெண்ணாயிரம். மிச்சத்தை நவம்பர் இராப்போசனத்தில் பிடிக்கலாமாம். யூட்சன் கணினியில் படம் காட்டினான். பெரிய வண்டி. பக்கவாட்டில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ‘திரேசா’ என்று எழுதியிருக்கிறது.

“It’s gonna look so good, அன்ரி” என்றான்.

கஸ்பர் அண்ணை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிற வண்டிக்கே ஊற்ற டீசல் இல்லை என்று எப்படி வாயைத் திறப்பது? இரண்டு மீன் ரோல்ஸ் சாப்பிட்டேன். பிறகு இன்னொன்று. என்னில் எனக்கே ஆத்திரம்.

05.05.2025, திங்கள்

வட்ஸ்அப் குழுவில் போட்டேன்: “கொட்டகையின் சம்பளம், டீசல் செலவுக்கு உதவி தேவை.”

பெருவிரல் நாற்பத்தாறு. கும்பிடும் கை பதினொன்று. காசு இருபது டொலர், அனுப்பியவர் யோசப்.

11.05.2025, ஞாயிறு

பூசை முடிந்து வண்டிக்கு மணி கொடுத்த சீமோன் அண்ணையைப் பிடித்தேன்.

“டீசலுக்கோ? எரிஞ்சு போற சாமானுக்குக் காசு குடுத்திட்டு எதைப் படம் எடுக்கிறது, பிள்ளை?”

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது மூன்று பதில் வந்தது. மூன்றும் எழுதக்கூடியவை அல்ல.

17.06.2025, செவ்வாய்

வேலையில் இருக்கும்போது றெமிஜியஸின் குரல் செய்தி. தீவில் ஒரு வீடு பற்றியிருக்கிறது. தையல் தைக்கிற மனுசி ஒருத்தியின் வீடு. கொட்டகையிலிருந்து ஆறு நிமிட ஓட்டம். வண்டி எழும்பவில்லை. பற்றரி. நாலு பேரும் றோட்டால் போன ஆட்களும் சேர்ந்து தள்ளியிருக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிடம்.

ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. மாதாவே, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. குசினியும் முன் அறையும் போய்விட்டன. முன் அறையில்தான் அவளுடைய மூன்று தையல் மெசின்கள்.

நூற்று நாற்பது டொலர்! நான்தானே சொன்னனான், அடுத்த மாசம் பாப்பம் எண்டு. வேற ஆர் சொன்னது? ஐம்பத்தெண்ணாயிரம் பாங்கில கிடக்குது, நூற்று நாற்பதுக்கு வழியில்லை — இது என்ன சங்கம்? நான் என்ன பொருளாளர்? மூண்டு ரோல்ஸ் தின்ன வாய் ஒரு வசனம் சொல்லேல்லையே.

18.06.2025, புதன்

என் காசில் பற்றரிக்கு அனுப்பினேன். பிறகு கஸ்பர் அண்ணைக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நெருப்பை, பற்றரியை, மிச்சமிருந்த நானூற்று நாற்பதும் டீசலுக்கே போய்ப் பங்குனியிலிருந்து சம்பளம் போகாததை. றெமிஜியஸின் ஆட்கள் இரண்டு பேருக்கு யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் வேலை சரிவந்திருக்கிறது. ஒக்ரோபர் முடிய மட்டும்தான் பொறுப்பார்களாம். அவர்கள் போனால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

“புது வண்டி வந்தால் உந்தப் பற்றரிப் பிரச்சினை வராது தானே” என்றார்.

“அண்ணை, டீசல் இல்லாமல் ஒரு வண்டி நிக்குது. நீங்கள் ரெண்டாவதையும் கொண்டுவந்து பக்கத்தில நிப்பாட்டப் போறியள். அக்காவின்ர பேரை எழுதி நிப்பாட்டப் போறியள்.”

தொலைபேசியை வைத்துவிட்டார். அக்காவின் பெயரை இழுத்திருக்கக்கூடாது. ஆனால் சொன்னது பொய்யில்லை.

29.06.2025, ஞாயிறு

கோவிலில் கஸ்பர் அண்ணை மூன்று வாங்கு வரிசை முன்னுக்கு இருந்தார். பூசையில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில் இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார், பின்பக்கம் மட்டும் திரும்பவில்லை.

24.07.2025, வியாழன்

அம்மாவின் ஆண்டு நினைவு. வழக்கம்போல மன்னாரில் ஒரு சிறுவர் இல்லத்துக்கு மதியச் சாப்பாட்டுக் காசு அனுப்பினேன். அவர்களும் வழக்கம்போலப் படம் அனுப்பினார்கள்: அம்மாவின் படம் வைத்த மேசை, பிள்ளைகள், சோறு, கோழிக்கறி.

படத்தை யோசப்புக்குக் காட்டினேன்.

“பின்னேரத்துக்கிடையில செமிச்சுப் போயிருக்கும்” என்றார். அந்த மனிசன் ஒன்றையும் யோசித்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது.

சோறும் அன்றன்றே தீர்ந்து போவதுதானே? அதற்குக் கொடுக்க இங்கே ஒருவரும் யோசிப்பதில்லை. வருடம் முடிகிற ஆட்டைத் திவசம், முப்பத்தோராம் நாள், பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் கொடுக்கிறோம். அந்தச் சோற்றில் பெயர் எழுதியா வைத்திருக்கிறது? நாளுக்குத்தான் பெயர். அப்படியானால் ஒரு மாதத்துக்குப் பெயர் வைத்தால் என்ன? இன்னாருடைய நினைவாக இந்த மாதம் கொட்டகை திறந்திருக்கும். சம்பளம், டீசல், எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு. மாதம் முடிய றெமிஜியஸ் ஒரு கடிதம் எழுதட்டும், அந்த மாதத்தில் வண்டி எங்கே போனது, எதை அணைத்தது என்று.

யோசப்புக்கு இன்று இரண்டு முட்டைப் பொரியல்.

09.08.2025, சனி

மிட்லண்டில் மடு மாதா திருவிழா. வழக்கம்போல எங்கள் ஆட்கள் இருக்கிற ஸ்காபரோவே அங்கே பெயர்ந்து வந்து புல்லில் பாய் விரித்திருந்தது. வெயில். நாங்கள் புளிச்சாதம் அவிழ்க்கிற நேரம் கஸ்பர் அண்ணை தனியே ஒரு மடக்குக் கதிரையோடு வந்து எங்கள் பாய்க்குப் பக்கத்தில் போட்டார். ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தேன்.

பாதி சாப்பிட்டபின் சொன்னார்: “றெமிஜியசோட கதைச்சனான். கிழமைக்கு ரெண்டு தரம் கதைக்கிறன். நீ சொன்னது சரிதான்.”

நான் மாதக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

“எனக்குப் பாக்கிறதுக்கு ஒண்டு வேணும், எமில்டா. அவளின்ர பேர் ஒரு இடத்தில இருக்க வேணும். டீசலில நான் எதைப் பாக்கிறது?”

“கடிதம் வரும் அண்ணை.”

கோழிக்கால் ஒன்றை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “நிலுவைச் சம்பளத்தை என்ர நாற்பதாயிரத்தில எடுத்துக் கட்டு, தீர்மானத்தை மாத்துறதை நான் பாக்கிறன். ஐப்பசி மாசத்தைத் திரேசாவின்ர பேரில போடு, அவள் தவறின மாசம். கடிதத்தைப் பாத்திட்டு மிச்சத்தை யோசிப்பம்.”

யோசப் அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். நான் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தேன். மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

14.09.2025, ஞாயிறு

விசேடக் கூட்டம். யூட்சன் பன்னிரண்டு மாதம் போட்ட பெரிய நாட்காட்டி ஒன்று அடித்துச் சுவரில் மாட்டினான். ஐப்பசியில் மட்டும் பெயர் இருந்தது.

எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். ஒருவரும் பேனையை எடுக்கவில்லை. சீமோன் அண்ணை எழும்பி, “கஸ்பரின்ர மாசம் எப்பிடிப் போகுது எண்டு பாத்திட்டுச் சொல்லுவம்” என்றார். தலைகள் ஆடின.

ஆக, ஒரு கடிதத்தில் தொங்குகிறது கொட்டகை.

ஒரு அம்மா மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: “பெப்ரவரி இருபத்தெட்டு நாள்தானே பிள்ளை, கொஞ்சம் குறைக்கேலாதோ?”

03.10.2025, வெள்ளி

ஐப்பசிக் காசு போய்ச் சேர்ந்தது. கொட்டகை வாசலில் கரும்பலகை வைத்து எழுதியிருக்கிறார்கள்: ‘இம்மாதம் அமரர் திரேசா கஸ்பர் நினைவாக.’ எழுத்து கோணல். கஸ்பர் அண்ணை அந்தப் படத்தைத் தன் வட்ஸ்அப் முகப்பில் போட்டுவிட்டார்.

19.10.2025, ஞாயிறு

“வண்டி எங்கையும் போனதோ?” என்று கஸ்பர் அண்ணை கேட்டார். இன்னும் இல்லை என்றேன். போன ஞாயிறும் இதையே கேட்டார்.

ஒரு குப்பையாவது பற்றக்கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். என்ன நினைப்பு இது! உடனே சிலுவை போட்டுக்கொண்டேன்.

01.11.2025, சனி

கடிதம் வந்துவிட்டது. றெமிஜியஸின் கையெழுத்து, ஒரு பக்கம்.

ஒக்ரோபர் மாதம் தீ அழைப்பு: இல்லை. வேறு அழைப்பு: இல்லை. தினமும் காலையில் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விட்டோம். கிழமைக்கு ஒருமுறை குழாய் பழகினோம். பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் வயர்கள் பார்த்து, பழுதான இரண்டைச் சொல்லி மாற்றுவித்தோம். செலவான டீசல் முப்பத்தொரு லீற்றர். ஒன்றும் எரியவில்லை.

இவ்வளவும்தான். ஆயிரத்து இருநூறு டொலருக்கு. இதை அவர் கையில் எப்படிக் கொடுப்பேன்? ஒரு சின்ன நெருப்பை நானே சேர்த்து எழுதினால் என்ன என்றுகூட யோசித்தேன். ஒரு வைக்கோற்போர், மாட்டுக்கொட்டில் மாதிரி. சம்பளப் பட்டியலில் ஒரு சதம் கூட்டியோ குறைத்தோ எழுதாதவள் நான்.

யோசப்: “உள்ளதைக் குடும். பிறகு நடக்கிறது நடக்கட்டும்.”

02.11.2025, ஞாயிறு

இறந்தவர்களின் திருநாள். பூசை முடிந்து எல்லாரும் சேமக்காலைக்குப் போனோம். நல்ல குளிர், மெழுகுதிரி நிற்கவில்லை, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தும் அணைந்தது. கஸ்பர் அண்ணை திரேசா அக்காவின் கல்லறைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டவுடன், “வந்ததோ?” என்றார்.

கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, வாசி என்றார். வாசித்தேன். மெதுவாக வாசித்தாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த சீமோன் அண்ணையும் நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒண்டும் எரியேல்லையோ?”

“இல்லை அண்ணை.”

“மாசம் முழுக்க?”

“மாசம் முழுக்க.”

அவர் கல்லறையைப் பார்த்தார். றெமிஜியசுக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் வசனம் தேடத் தொடங்கிவிட்டேன்.

“முப்பத்தாறு வருசம் வீட்டை அவள்தான் பாத்தவள்” என்றார் கஸ்பர் அண்ணை. “பின்னேரம் வந்து கேப்பன், இண்டைக்கு என்ன நடந்தது எண்டு. ஒண்டும் நடக்கேல்லை எண்டுவாள். நானும் ஒண்டும் நடக்கேல்லை எண்டுதான் நினைச்சனான்.”

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, கோட்டின் உள்பொக்கற்றில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது; இந்த முறை மிளகாயும் இல்லை. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு பக்கத்துக் கல்லறைப் பக்கம் திரும்பினார்.

“சீமோன், உமக்கு எந்த மாசம்?”

சீமோன் அண்ணை கையில் இருந்த பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மார்ச்” என்றார்.